கர்னலின் வம்சம்

"இவன்தான் கர்னலை உதைச்சிருக்கான்! பாருங்க, இவன் தலை தெரிஞ்சாலே குழந்தை வெடவெடன்னு நடுங்குது!"

பெரியம்மா போட்ட சத்தத்தில் எல்லா மாடியிலும் கதவு திறந்தது. ஒரு கேனை வாசலில் வைத்த தண்ணீர் கேன்காரர், தோளில் இருந்த இன்னொன்றை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

குழந்தை என்பது கர்னல் என்ற நாய்க்குட்டி. மூன்று மாதம். பெரியம்மாவின் இடுப்பில் உட்கார்ந்தபடி, உடம்பெல்லாம் உதற, அவருடைய நைட்டியை நனைத்துக்கொண்டிருந்தது.

"தெருநாய் கிருநாய்னு எதையாவது கூட்டிட்டு வந்தீங்க, உங்களையும் சேர்த்து வெளியே தள்ளுவேன்" என்பது பெரியம்மாவின் நிரந்தர அறிக்கை. அதனால் பெரியப்பா கொண்டுவந்தது சாதாரணக் குட்டி இல்லை.

"அப்பா சாம்பியன். அம்மா சாம்பியன். தாத்தா கப்பல்ல வந்தவர்" என்று வருகிறவர் போகிறவரை எல்லாம் உட்காரவைத்துச் சொல்வார். நடுவில் ஒரு செருமல். "க்ஹும்... ரத்தம் பேசும்!"

ரத்தம் பேசியது என்னவோ வேறு. கப்பல் தாத்தாவின் பேரன் வெல்வெட் மெத்தையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறை மூலையில் காலி தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டுதான் தூங்கியது. ஒரு காது வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையை.

"ராஜ வம்சத்துல அப்படித்தான்" என்றார் பெரியப்பா.

இடி இடித்தால் கொட்டாவி விடும். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கும் மெஷினோடு சண்டைக்குப் போகும். கேன்காரர் வாசலில் கேனை 'டொம்'மென்று வைத்தால் மட்டும்தான் இந்த நடுக்கம், இந்த ஈரம்.

குடியிருப்பின் செகரெட்டரி படியேறி வந்தார். அவருக்குக் குரல் மூக்கில் குடியிருந்தது.

"என்னய்யா, உதைச்சியா?"

"இல்லைங்க."

"பின்னே ஏன் உன்னைப் பார்த்தா மட்டும் நடுங்குது?"

கேன்காரர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலைக்கு மேலே ஒரு விரிசலை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தெரியலைங்க."

"நாளையிலேருந்து இந்த பில்டிங் பக்கம் வராதே. வேற ஆள் பார்த்துக்கறோம். ரூல்னா ரூல்."

"இந்த பில்டிங்கை நம்பித்தான் சார் என் வண்டியே ஓடுது..."

"ஏங்க, நீங்களும் நாலு வார்த்தை கேளுங்களேன்! ஊமைக்கோட்டான் மாதிரி நிக்கறீங்க!" என்று பெரியம்மா இடித்தார்.

"க்ஹும்" என்றார் பெரியப்பா. ரத்தம் அன்றைக்குப் பேசவில்லை.

நல்லவேளை, கர்னலுக்குத் தடுப்பூசி போட நாய் டாக்டரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். குட்டியைப் பார்த்தார்.

"அவனைக் கீழே விடுங்கம்மா."

"ஐயோ! பயந்தே செத்துடுவான் டாக்டர்!"

"இதுவரைக்கும் ஒரு தடவையாவது விட்டிருக்கீங்களா?"

"எங்கே விடறது? நடுங்க ஆரம்பிச்சதும் தூக்கிடுவேனே!"

"இப்ப விடுங்க."

விட்டதுதான் தாமதம், கர்னல் பாய்ந்தது. வீட்டுக்குள்ளே இல்லை, கேன்காரர் மேலே. வழியெல்லாம் ஈரக்கோடு கிழித்துக்கொண்டு போய், அவர் காலடியில் மல்லாந்து விழுந்து, புரண்டு எழுந்து, செருப்போடு சேர்த்து விரல்களை நக்கி, வால் கழன்றுவிடும்போல ஆட்டியது.

"பயந்த நாய் இப்படியா ஓடும்? இது சந்தோஷம்மா" என்றார் டாக்டரம்மா. "துணிச்சல் கொஞ்சம் ரத்தத்துல வரும். மீதியெல்லாம் கண்ணு திறந்த புதுசுல யார் தூக்கினாங்க, என்ன சத்தம் கேட்டு வளர்ந்துச்சுங்கறதுதான். அப்போ இவனைத் தூக்கி வளர்த்தது இவரா இருக்கும்."

பெரியம்மா மெல்லத் திரும்பினார்.

"ஏங்க. சாம்பியன் வீட்டுக் குட்டிக்கும் கேன்காரருக்கும் என்ன சம்பந்தம்?"

"க்..." என்றார் பெரியப்பா. ஹும் வரவில்லை.

கேன்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அந்த சாம்பியன் வீட்டுக்கும் நான்தாங்க தண்ணி போடறேன். குட்டியெல்லாம் என் காலைத்தான் சுத்திக்கிட்டுக் கிடக்கும்."

"அதானே பார்த்தேன்!" பெரியம்மாவின் முகத்தில் பல்பு எரிந்தது. "ராஜ வம்சம் ஆளை மறக்குமா!"

செகரெட்டரி "ரூல்னா..." என்று ஆரம்பித்து, "நாளைக்கு எனக்கு ரெண்டு கேன்" என்று முடித்துவிட்டு இறங்கிப் போனார்.

கேன்காரர் வண்டியைக் கிளப்பும்போது, பெரியப்பா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கப்பா. நிஜமா அங்கே நடுங்கினது நான்தான். உன் பிழைப்பு போறப்பகூட உண்மையைச் சொல்ல வாய் வரலை..."

"விடுங்க சார். ரோட்டுல லாரிக்கு நடுவுல கிடந்து நான் தூக்கிட்டு வந்த குட்டிக்கு நீங்க ஒரு வீடு குடுத்திருக்கீங்க."

காலி கேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு தெருநாய் தலையை நீட்டியது. ஒரு காது வானத்தைப் பார்த்தது, இன்னொன்று தரையை.

அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேன்காரர் சொன்னார்:

"இவளுக்கு இப்பத்தான் சார் சாம்பியன்னு பேர் வச்சேன். இனிமே வீட்டம்மாகிட்ட நீங்க தைரியமா செருமலாம்."