விட்டுடு

"கயித்தை இறுக்குங்க! கேக்குதா? இறுக்குங்க!"

பல் டாக்டர் கத்திய கத்தலைக் காற்று கொண்டுபோய்க் கடலில் போட்டது. மேலிருந்து பதில் இல்லை. அவள் இடுப்பில் கட்டியிருந்த கயிறு தொளதொளவென்று தொங்கியது.

அதன் மறுமுனை, பாறை உச்சியில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவளுடைய வீட்டுக்காரர் கையில் இருந்தது. பாறையில் அறைந்த இரும்பு முளையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருப்பார். பத்து வருஷமாக இருவரும் மாறி மாறி இப்படித்தான் ஏறுகிறார்கள். ஆள் கெட்டிக்காரர்தான். ஆனால் சட்டை எடுப்பதற்குக்கூடச் சாமியிடம் உத்தரவு கேட்கிற ரகம். சாமி வேண்டாம் என்றால் போட்ட செருப்பைக் கழற்றிவிடுவார்.

இன்று காலையிலும் விளிம்பில் கண்ணை மூடி நின்றார்.

"என்னங்க, உத்தரவு ஆச்சா? வெயில் ஏறுது."

"சிரி, சிரி. ஒரு நாள் உனக்கும் கேக்கும்."

"கேட்டா காது டாக்டரைப் பாக்குறேன்."

இப்போது அந்தச் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. அவள் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கதவளவு பாறைத்துண்டு ஆடியது. ஆடுகிற பல்லை இருபது வருஷமாகப் பிடுங்குகிறவள். இது நிற்காது என்று விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. பெயர்ந்தால் அவளையும் சேர்த்துக்கொண்டுதான் போகும்.

வலப்பக்கம் கீழே ஒரு திட்டு இருந்தது. கையை விட்டால் கயிற்றில் ஊசலாடி அதை எட்டிவிடலாம். ஆனால் கயிறு தொங்குகிறதே, மேலே அவர் பிடித்திருக்கிறாரா இல்லையா?

"என்னங்க! பிடிச்சிருக்கீங்களா?"

பதில் இல்லை. கீழே அலை பாறையை அறைந்தது. மதியம் கூப்பிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அப்போதுதான் கேட்டது.

"விட்டுடு."

காதோரம். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. நிச்சயமாக வீட்டுக்காரர் குரல் இல்லை; அவர் அங்கிருந்து பேசினால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அலைச் சத்தம் அடங்கிவிட்டது போலிருந்தது. பயம் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

"சரி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கையை விட்டாள்.

விழுந்தாள். ஓர் ஆள் உயரம். இரண்டு ஆள் உயரம். கயிறு வெடுக்கென்று இழுத்தது, சரிந்தது, மறுபடி இழுத்து நின்று அவளை வலப்பக்கம் வீசியது. கால் திட்டில் பட்டது. திரும்பிப் பார்த்தாள். அந்தப் பாறைத்துண்டு பெயர்ந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் மேலே வந்து சேர்ந்தாள். வீட்டுக்காரர் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை.

"என்னங்க, எனக்குக் கேட்டுச்சுங்க! சத்தியமா, காதோரமா! 'விட்டுடு'ன்னுச்சு. விட்டேன், பொழைச்சேன். இனிமே உங்க சாமியை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்!"

அவர் கையைப் பிடிக்கப் போனவள் திடுக்கிட்டாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து ரத்தம். பின்னால் இரும்பு முளை பிடுங்கிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து விளிம்பை நோக்கிச் சரளையில் இரண்டு குதிகால் தடங்கள் நீளமாக இழுபட்டிருந்தன. விளிம்புக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

"ஐயோ, உங்களையும் இழுத்துட்டேனா?"

"நீ விழுந்ததும் முளை வந்துடுச்சும்மா. நான் மட்டும்தான் பிடிச்சிருந்தேன்." அவர் உரிந்த கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப எனக்கும் அதே குரல் கேட்டுச்சு. காதோரமா, அதே வார்த்தை. வாழ்க்கையில முதல் தடவையா நான் அது பேச்சைக் கேக்கலை."