பேயைப் பிடித்த கண்ணாடி இழை

“பேயைப் பிடிக்க மெஷினா, டோக்டர்? அதுக்குத்தான் மந்திரிக்கிற போமோ இருக்காரே லா!”

மேனேஜர் திருநாவுக்கரசு தன் பகடிக்குத் தானே சிரித்துக்கொண்டார். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கழுவும் பகுதியில் லைன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒருத்தி கண்ணும் வேலையில் இல்லை.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இதே இடத்தில் மயங்கி விழுந்து, கத்திக் கூச்சல் போட்ட ஏழு பெண்களில் அவளும் ஒருத்தி. பேய் பிடித்தவள் என்ற பேச்சு கடல் தாண்டி அவள் சொந்த ஊரான பைராம் தோட்டம் வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பேய்க்குத்தான் எத்தனை வேகமாகக் கால் முளைக்கிறது!

“இன்னிக்கு உங்க மெஷின் ஒண்ணும் காட்டலேன்னா, இந்த ஏழு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டைரக்டர்கிட்ட பேசியாச்சு” என்றார் திருநாவுக்கரசு. பக்கத்தில் சீன டைரக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த டாக்டர் சபூரா பெட்டியைத் திறந்து, தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையைச் சுருள் பிரித்தார்.

“இது என்னா டோக்டர்?” குணவதி மெல்லக் கேட்டாள்.

“இதுக்குள்ள வெளிச்சம் ஓடும்மா. மேல ஒரு பூச்சு பூசியிருக்கேன். நீங்க சாமான் கழுவுற மருந்து காத்துல கலந்திருந்தா, பூச்சு அதை உறிஞ்சிக்கும். வெளிச்சம் மங்கும். பெட்டியில நம்பர் இறங்கும்.”

“இறங்கலேன்னா?”

“இறங்கும்.”

“மூக்கு உயரத்துல கட்டுங்க டோக்டர்” என்று குறுக்கிட்டார் மேனேஜர். “மனுஷன் தரையிலயா மூச்சு விடுறான்?”

சபூரா மறுக்காமல் அப்படியே கட்டினார். பெட்டியில் நூறு என்று காட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நூறு நூறாகவே நின்றது. குணவதி மற்ற ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா? காத்து சுத்தம்!” திருநாவுக்கரசு சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார். அந்தக் கதையை அவரிடம் கேட்காதவர்கள் அந்தத் தொழிற்சாலையில் கிடையாது. “எழுபத்தெட்டாம் வருஷம் ஒருத்தி இங்கதான் விழுந்தா. புடிக்கப் போன என் கையைக் கடிச்சா பாருங்க, இன்னும் தழும்பு போகல! சாதாரணப் பொண்ணுக்கு இப்படிப் பல்லு பதியுமா? இவளைப் பிடிச்ச பேய், அந்த ஹந்து, போகவே போகாதுன்னு போமோ சொல்லிட்டார். அன்னிக்கே அனுப்பிட்டேன்.”

“அவ பேரு?” சபூரா கேட்டார்.

“பேரெல்லாம் யாருக்கு ஞாபகம்!”

“விழுந்தவளை எங்க படுக்க வச்சீங்க?”

“இதோ, சாமான் கழுவுற இந்தத் தொட்டிக்குப் பக்கத்துல. தரையிலதான். யார் மயங்கினாலும் அப்படித்தான் டோக்டர், படுக்கப் போட்டு அமுக்கிப் பிடிப்போம். படுக்கப் போட்டாத்தான் கூடக் கொஞ்சம் கத்துவாளுங்க. பேய் இல்லேன்னா ஏன் கத்தணும்?”

சபூரா இழையை அவிழ்த்தார். தொட்டிக்குப் பக்கத்தில், மேனேஜர் காட்டிய அதே இடத்தில், தரையோடு தரையாக நீட்டிவிட்டார்.

தொண்ணூறு. எழுபது. நாற்பது. பெட்டி வீல் என்று அலறியது.

“இந்த மருந்துக் காத்து கனமானது சார். மேல ஏறாது, தரையோட தேங்கிக் கிடக்கும். தொட்டிக்குள்ள குனிஞ்சா தலை சுத்தும். சுத்தி விழுந்தவளை அதுக்குள்ளயே படுக்கப் போட்டு அமுக்கினா, கத்தாம தாலாட்டா பாடுவா?”

டைரக்டர் கிட்டே வந்து பெட்டியைப் பார்த்தார். தானே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். லைன் நின்றது. தொட்டியை மூடவும், தரையோடு காற்றை உறிஞ்சும் குழாய் போடவும் ஆங்கிலத்தில் உத்தரவுகள் பறந்தன. அந்த ஏழு பேரும் வேலையில் இருப்பார்கள் என்றும் சொன்னார்.

அவ்வளவுதான்! பெண்கள் தட்டுகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். குணவதி அழுதாள், சிரித்தாள், பைராம் தோட்டத்துக்கே கேட்கிறாற்போல் கத்தினாள்: “எனக்குப் பேயும் இல்ல, பிசாசும் இல்ல!” இந்த முறை அவளை யாரும் அமுக்கிப் பிடிக்கவில்லை.

திருநாவுக்கரசின் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் விடவில்லை. இழையைச் சுருட்டிக்கொண்டிருந்த சபூராவிடம் வந்து நின்றார்.

“இவளுங்க கதை சரி டோக்டர். ஆனா எழுபத்தெட்டுல வந்தது நிஜ ஹந்து. இல்லேன்னா ஒரு பொண்ணு இப்படிக் கடிப்பாளா, நீங்களே சொல்லுங்க?”

சபூரா குனிந்து அந்தத் தழும்பை நிதானமாகப் பார்த்தார். இழையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“மன்னிச்சிடுங்க சார். அன்னிக்கு மூச்சு முட்டுச்சு, உங்க கையை எடுத்தாத்தானே நான் எந்திரிக்க முடியும்?”