நான்காவது கணினி

அன்று காலை விடத்தல்தீவு மீனவர் சங்கக் கந்தோரில் இருந்தவர்கள் தலைவர் சூசைதாசன், எழுத்தர்கள் லூசியா, ஜெனுஷா, கணினி வேலைக்கு முருங்கனிலிருந்து வந்த கீர்த்தனன். கணினிகள் மூன்று.

“இனி நாளாந்தம் பத்து மணிக்கு இந்த மென்பொருளே எல்லாக் கணினியையும் எண்ணிப் பட்டியல் போடும்,” என்றான் கீர்த்தனன். எண்ணும் என்றதும் மற்ற மூவரும் எழுந்து வரிசையில் நின்றார்கள். நாளாந்தம் ஆட்களை நிறுத்தி எண்ணிய அகதி முகாமில் வந்த பழக்கம்.

“எண்ணுறது மிசினை அக்கா, உங்களை இல்லை. இருங்கோ!”

பட்டியலில் நான்கு வந்தது. நான்காவது, வலைகள் மட்டும் கிடக்கும் களஞ்சிய அறையில் இயங்கிக்கொண்டிருந்தது. அதை இயக்கிப் பாவிப்பவர் பெயர் சிங்கராசா. போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போன லூசியாவின் கணவன் பெயர் அது.

“பிழையாய் வந்திட்டுது. அழிக்கட்டோ?” என்றான் கீர்த்தனன்.

“வேண்டாம் தம்பி. மூண்டு வருசமா ஒரு பட்டியலிலையும் அவற்ற பேர் வரேல்லை,” என்றாள் லூசியா.

லூசியா களஞ்சிய அறையைத் திறந்து உள்ளே போனாள். கதவு அவள் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கத் துவாரத்தில் அவள் விட்டுப்போன சாவி, யாரும் தொடாமலே ஒருமுறை சுற்றிப் பூட்டியது.