மருக்கொழுந்து

ஆவுடைக்குத் தலையில் செதில் செதிலாக உதிர்ந்தது. டாக்டர் தார் கலந்த தைலம் எழுதிக்கொடுத்தார். தடவிய அன்றே, புது ரோடு போட்ட வாடை வீடு முழுக்க அடித்தது. மறுநாளிலிருந்து அவள் புருஷன் முத்தையா, மருக்கொழுந்து வைத்துக் கட்டிய பூ வாங்கிவந்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் பூ வாங்கியதில்லை. அவள் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். வாடைக்காகத்தான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

தலை குணமானது. தைலம் நின்றது. பூவும் நின்றது.

ஒரு சாயங்காலம், அவன் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாடை வாசல்வரை வந்தது. உள்ளே ஆவுடை, ஒரு செதிலும் இல்லாத தலையில் வகிடு வகிடாகப் பிரித்துத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குப் பூ உண்டுல்லா?”

முத்தையா தன் வெறுங்கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.