டோஹாவில் ஒன்பது மணித்தியாலம்

"நேரா லண்டன் போற பிளேன் இரிக்கக்குள்ள, சுத்திப் போறண்டு ஆராவது அடம் புடிப்பாங்களா?"

ஜவ்பர் ஹாஜியார் போட்ட சத்தத்தில், புத்தளம் டிக்கட் கடையில் காத்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருடைய தங்கை சுல்பா பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்துக் கதிரையில் மகள் றிஷ்னா. எத்தாளை ஊரிலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகும் முதல் பெண்பிள்ளை. டிக்கட் மாமாவின் அன்பளிப்பு.

டிக்கட் போடும் றஸ்மி கணினியைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க மாமி. நேரா போனா பதினொரு மணித்தியாலம். டோஹாவில மாறினாலும், ரெண்டு மணித்தியாலத்தில அடுத்த பிளேன் இரிக்கி. நீங்க கேக்கிறதில பகல் இறங்கினா ராவைக்குத்தான் ஏறலாம். ஒன்பது மணித்தியாலம் சும்மா குந்தியிருக்கணும்."

"அதையே போடுங்க தம்பி."

"கஞ்சத்தனம்!" என்றார் ஜவ்பர். "என்ட காசுக்கு இவள் கஞ்சத்தனம் பாக்கிறாள்!"

"இல்ல ஹாஜியார், இது மத்ததவிட விலையும் கூட."

யாரோ சிரித்தார்கள். ஜவ்பருக்கு முகம் சிவந்தது.

"அப்ப மூளைதான் இல்ல. குமர்ப் புள்ளையத் தெரியாத நாட்டில தனிய இருத்தி வைக்கிற உம்மாவ இண்டைக்குத்தான் பாக்கிறன். மச்சான் கட்டார்லதானே எண்டு நினைக்கிறியா? மகள வழியனுப்ப வாறத்துக்கே லீவு குடுக்கல்ல. அவர் எயார்போட் வாசல்ல வந்து நிண்டாலும், இவள் இரிக்கிற இடத்துக்கு விடுவானா? கண்ணாடியத்தான் பாத்துட்டுப் போகணும்."

ஜவ்பர் மேசைப் பக்கம் திரும்பினார்.

"றஸ்மி, நேர் பிளேனையே போடு."

"போடாதீங்க றஸ்மி நானா," என்று எழும்பினாள் றிஷ்னா. "உம்மாவ ஏச வேணாம் மாமா. நான்தான் கேட்டன். பின்னேரம்தான் வாப்பாக்கு டியூட்டி தொடங்குது. அதுக்குத்தான் அவ்வளவு நேரம்."

சுல்பா அவள் கையை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். "வேணாம் மகள்... இங்க வேணாம்."

"என்ன டியூட்டி?" ஜவ்பர் விடவில்லை. "உன்ட வாப்பா டோஹா டவுன்ல பெரிய கொம்பனி மனேஜர். ஊருக்கே தெரியும். டிக்கட் இல்லாம மனேஜர உள்ளுக்கு எவன் விடுவான்?"

றிஷ்னா உம்மாவின் கையை மெதுவாக விலக்கினாள். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மனேஜர விடமாட்டாங்க மாமா. தரை துடைக்கிறவர விடுவாங்க. பதினொரு வருஷமா என்ட வாப்பா துடைக்கிற தரை அது. அவர் பாத்துக்கிட்டு நிக்க, அதில நடந்துதான் நான் லண்டன் போவன்."