கோல்பி குடித்திருக்கிறான்

பந்து கோல்பியின் இடது காதுக்கு மேலே பட்டது.

பயிற்சி முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் பட்டது. லாக்ராஸ் அமெரிக்காவில் காசுக்கும் குடிக்கும் பேர்போன பையன்களின் ஆட்டம்; அதன் பந்து கெட்டி ரப்பர். வலைமட்டையிலிருந்து அது புறப்படும் வேகத்தில் ஒரு கார் போனால் போலீஸ் துரத்தும்.

கோல்பி சிரித்தான். அடிபட்டால் சிரிக்க வேண்டும் என்பது அணி வழக்கம். எறிந்தவனும் சிரித்தான். பிறகு எல்லோரும் குளிக்கப் போனார்கள்.

குளித்துவிட்டுக் கல்லூரிப் புல்வெளியைக் கடக்கும்போது, புல்வெளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அன்று வசந்த விழா. பட்டப்பகலிலேயே பாதிக் கல்லூரி தள்ளாடிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி அதைப் போனில் பிடித்துக்கொண்டிருந்தது.

கோல்பிக்கு உடனே புரிந்துவிட்டது. வருஷா வருஷம் அணிக்குப் போட்டுக் காட்டும் பாதுகாப்பு வீடியோவில் இது அப்படியே வரும். முதலில் ஒன்றும் இருக்காது. அப்புறம் தலை கனக்கும், வாந்தி வரும், நாக்குக் குழறும். அப்புறம் ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்ஸ் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் வீடியோ மறைக்காமல் சொல்லும். அணியில் அதைத் தூங்காமல் பார்த்தவன் கோல்பி ஒருவன்தான்.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம், ஆம்புலன்ஸைக் கூப்பிடு, தலைக்குள் ரத்தம் கசிகிறது என்று சொன்னான்.

அது நாக்கைத் தாண்டி வெளியே வந்தபோது "ஆம்லா" என்று இருந்தது.

அவள் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். தோள்வரை முடி, பின்பக்கம் திருப்பிப் போட்ட தொப்பி, மார்பில் அணியின் பெயர்.

"லாக்ராஸ்" என்றாள் தோழியிடம், தூறல் போடுகிறது என்று சொல்வதைப் போல.

கோல்பி வாந்தி எடுத்தான். கைதட்டல் எழுந்தது.

"போட்டோ எடுக்காதீங்கப்பா. இவங்கப்பா வக்கீல அனுப்புவாரு."

"வக்கீல் எதுக்கு? காலேஜுக்கு ஒரு பில்டிங் கட்டிக் குடுப்பாரு, முடிஞ்சுது."

கோல்பியின் அப்பா டண்டாக் என்ற தொழிலாளர் பேட்டையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.

கோல்பி கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுக் காட்டினான். மறுபடியும் காட்டினான். அதை ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு நாலு பேர் தங்கள் தலையைத் தொட்டுக்கொண்டு ஆடினார்கள். ஒருவன் அவன் கையில் பியர் கேன் ஒன்றைச் செருகினான். படத்துக்கு அது தேவைப்பட்டது.

கல்லூரிக் காவலர் வெர்னெட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டு அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"கண்ணு, உன் பேரைச் சொல்லு பாப்போம்."

அவன் சொன்னான். பாதிதான் வந்தது.

"இது எனக்குச் சரியாப் படல" என்று அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

அப்போதுதான் எம்மெட் ஓடி வந்தான். அறைத் தோழன், அதே அணி. கோல்பிக்கு அழுகையே வந்துவிட்டது. பிழைத்தோம் என்று நினைத்தான்.

ஏனென்றால், கோல்பி தன் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பது உலகத்தில் எம்மெட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு பார்ட்டிக்கு முன்னும் பியரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டு, கேனில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பவன் எம்மெட். குடிக்காதவனுக்கு அந்த அணியில் பந்து வராது. கண்ணாடி முன் நிறுத்தித் தள்ளாடக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். 'முழங்கால இன்னும் கொஞ்சம் லூசா விடுடா' என்பான்.

எம்மெட் குனிந்து நண்பனின் முகத்தைப் பார்த்தான். கோணிய வாயைப் பார்த்தான். சட்டையில் வழிந்ததைப் பார்த்தான். எம்மெட்டின் கண்ணில் மரியாதை தெரிந்தது.

"டேய், இன்னிக்குப் பின்னிட்டடா" என்று காதுக்குள் சொன்னான்.

பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி: "மிஸ் வெர்னெட்டா, இவனுக்கு இது ஒண்ணுமே இல்ல. போன வாரம் இதுல டபுள் அடிச்சிட்டு நடந்தே ரூமுக்கு வந்தான். நீங்க கூப்பிட்டா ரிப்போர்ட் ஆகும், நாளைக்கு மேட்ச் போயிரும்."

"எத்தனை குடிச்சான்?"

எம்மெட் ஒரு கணம் யோசித்தான். நண்பனுக்குக் கௌரவமான எண்ணாக இருக்க வேண்டும்.

"பதினாலு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. கோல்பி இல்லை என்று தலையாட்டப் பார்த்தான். தலை சும்மா தொங்கியது. அதுவும் பதினாலுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

"உங்க ஆளுங்களுக்கு அது வயிறா, தண்ணித் தொட்டியா?" என்று வெர்னெட்டா வாக்கிடாக்கியை இடுப்பில் மாட்டினாள். "ஒருக்களிச்சுப் படுக்க வை. பக்கெட் வை."

எம்மெட் அவனை அறைக்குத் தூக்கிப் போய் இரண்டையும் ஒழுங்காகச் செய்தான். ஷூவைக்கூடக் கழற்றிவிட்டான்.

கோல்பியின் உதடு அசைவதைப் பார்த்துக் காதைக் கொண்டுபோனான்.

"நான் குடிக்கல."

அரைமணி நேரமாக முயன்றதில் தெளிவாக வந்த ஒரே வாக்கியம்.

எம்மெட் கட்டிலோரம் உட்கார்ந்தான். நண்பனின் கையை எடுத்து அழுத்தினான்.

"தெரியும்டா. சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

திரைச்சீலையை இழுத்துவிட்டான். கோல்பியின் போனைச் சத்தம் வராதபடி வைத்தான். கதவை மெல்லச் சாத்திவிட்டு விழாவுக்குப் போனான்.