மடிப்பு கலையாத சட்டை

அச்சுவேலி மண்டபத்தில் ஆடைக் காட்சிக்கு ஒத்திகை நடக்கிறது. தனுசியா உடுத்தி நிற்கும், கணுக்கால்வரை நீண்ட கைத்தறிச் சட்டையைப் பாருங்கள், பிள்ளைகளே. மயில்கழுத்து நிறம், தாழம்பூ இதழ்போல அடுக்கடுக்காய் மடிப்பு. தைத்த ஜெயனியின் விரல்களுக்கு முத்தம் கொடுக்கலாம். ஆனால் மடிப்புக் கலையுமென்று மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பு ஒடுங்கித் தெரியவேண்டுமென்று சட்டையை அவள் உடம்பில் வைத்தே தைத்து மூடியிருக்கிறார்கள். அவளால் கதிரையில் இருக்கவும் முடியாது, குனியவும் முடியாது. “அக்கா, தலை சுத்துது. ஒரு மிடறு தண்ணி தாங்கோ.” காட்சியை நடத்தும் அக்கா அவள் கன்னத்தைத் தட்டுகிறாள். “குடிச்சால் வயிறு தள்ளுமடி, செல்லம். படம் எடுத்து முடியட்டும்.” “காலமை தொடக்கம் உந்தக் கதையைத்தானே சொல்லுறியள்!” ஜெயனி தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வருகிறாள். தனுசியா வாயைத் திறக்கிறாள். ஜெயனியோ குனிந்து, கசங்கிய மடிப்பின்மேல் அந்தத் தண்ணீரைப் பூப்போலத் தெளித்து நீவுகிறாள். மடிப்பு நிமிர்கிறது. பாழாய்ப்போன என் கண்ணும் அதையே பார்க்கிறது.